சுபாங் தின்ற கருஞ்சோறு

அந்த வருஷம் மழை எங்களை மறந்துவிட்டது. பெலாயிட் ஆறு மேல்பக்கத்தில் மெலிந்து மெலிந்து, படகு போன இடத்தில் நாய் நடந்து கடந்தது. கீழே கரிமண் காடுகள் பற்றி எரிந்தன. அந்தப் புகை ஆற்றுவழியே ஏறி வந்து எங்கள் வளைவில் உட்கார்ந்துகொண்டது. சேவல் கூவினால் எந்தப் பக்கத்திலிருந்து கூவுகிறது என்று தெரியாது. குழந்தைகள் இருமிக்கொண்டே தூங்கின, இருமிக்கொண்டே எழுந்தன. அந்த நாட்களில்தான், கண்ணுங்களா, ஒரே கூரைக்கடியில் ஊர் முழுக்கக் குடியிருக்கும் நங்கா தாப்பே நெடுவீட்டு ஜனம் மொத்தமும் ஒரு மனிதனின் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆற்றுத் துறையில் நின்றது.

எதிர்க்கரையில் கூர்க்காப் படையின் காட்டு முகாம் இருந்தது. செரியாவில் இருக்கும் கடலோரத்துப் பெரிய முகாமிலிருந்து ஒரு சின்னக் கூட்டம் முறைவைத்து வரும். காட்டில் நடக்கவும் தடம் பார்க்கவும் அவர்களைக் கூட்டிப்போகிற வேலை மங்காட்டுக்கு. மங்காட் எங்கள் சுபாங்கின் புருஷன். அவன் வாய் சும்மா இருக்காது. காட்டுப்பன்றியைக்கூடக் கேலி பேசிவிட்டுத்தான் சுடுவான்.

சனிக்கிழமை அவர்கள் ஆட்டுக்கறி சமைத்தால் ஒரு தூக்கு இக்கரைக்கு வரும். அந்தக் காரத்தைத் தின்றுவிட்டு எங்கள் ஆண்பிள்ளைகள் கண்ணீரும் மூக்குமாக ஆற்றில் போய் முகத்தை முக்குவார்கள். பதிலுக்குக் காட்டுக்கீரை, மூங்கிலில் சுட்ட மீன், ஒரு ஜாடி அரிசிக் கள் அக்கரைக்குப் போகும். பழைய மீன்வலையை நடுவில் கட்டிக் கைப்பந்து ஆடுவோம். அவர்கள் வளைந்த கத்தி பெரிதா எங்கள் வெட்டுக்கத்தி பெரிதா என்று மூங்கிலை வெட்டி வெட்டியே ஒரு தோப்பைக் காலி பண்ணினார்கள்.

படைக்காரர்கள் வந்த முதல் நாளே மங்காட் எல்லோரையும் நிற்க வைத்து ஒன்று சொல்லிவிடுவான். யாராவது சாப்பாடு நீட்டினால் சாப்பிட வேண்டும். வயிறு நிறைந்திருந்தால் ஒரு விரலால் தொட்டு உதட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். அதுவும் ஆகாது என்றால் பாத்திரத்தையாவது தொட்டுவிட்டுப் போக வேண்டும். தொடாமல் போனால் பூனி பிடிக்கும். பாம்போ, முதலையோ, மரமோ வந்து சேரும். அது மறுத்தவன் மேலேதான் விழும் என்றும் இல்லை. அவனோடு நடக்கிறவன் மேலும் விழும்.

அவர்களுக்குத் தலைவராக இருந்த கேப்டன் பெல்லமி, காதெல்லாம் வெயிலில் வெந்துபோன வெள்ளைக்காரப் பையன், இதை அப்படியே பிடித்துக்கொண்டார். ஒருநாள் நான் பன்றிக்குக் கழனித் தண்ணீர் எடுத்துப் போகிறேன். மனுஷர் ஓடி வந்து மரியாதையாக வாளியைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பல நாள் அவரைக் கண்டாலே பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

ஆனால் அவர்களில் எங்களுக்கு மிகவும் நெருங்கியவன் கும்பசிங் ஆலே. கும்பா என்போம். படையில் காயம் பார்க்கிறவன் அவன்தான். எங்கள் பிள்ளைகளின் சொறிக்கு மருந்து போட்டதும், சுபாங்கின் தம்பி ஜராவின் சொத்தைப் பல்லைப் பிடுங்கியதும் அவனே. சுபாங்கை அக்கா என்று கூப்பிடுவான். அவள் அடுப்படியில் அவன் தின்ற சோறு முகாமில் தின்றதைவிட அதிகமாக இருக்கும்.

அறுவடை தொடங்கின வாரத்தில் முகாமின் ரேடியோவில் கும்பாவுக்குச் செய்தி வந்தது. நேபாளத்து மலையில் அவன் அம்மா இறந்துவிட்டாள். இது எங்களுக்கு அப்போது தெரியாது. பிற்பாடு தெரிந்ததை முன்னாலேயே சொல்கிறேன்.

கேப்டன் உடனே ஊருக்கு அனுப்புகிறேன் என்றிருக்கிறார். ஆனால் புகையில் ஹெலிகாப்டர் எழும்பவில்லை. ஆற்றில் இறங்கி, விமானம் பிடித்து, அங்கே பஸ்ஸில் போய், பிறகு மலை ஏறி நடந்தால் அதற்குள் காரியம் எல்லாம் முடிந்திருக்கும். ஊரில் தம்பிமார் இருக்கிறார்கள். அதனால் தன் பங்குத் துக்கத்தை இங்கேயே காக்கிறேன் என்று கும்பா சொல்லிவிட்டான். அவர்கள் வழக்கத்தில் அம்மா செத்தால் மகன் பதிமூன்று நாள் உப்புத் தொடமாட்டான். தானே பொங்கி ஒருவேளை தின்பான். இன்னொருவர் கைச் சோற்றைத் தொடமாட்டான், ஆள் மேல் படமாட்டான். காயம் பார்ப்பது மட்டும் வேலை, அதற்குத் தொடலாம் என்று அவனே முடிவு பண்ணிக்கொண்டான். தலையை மழித்துத் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டான். வெள்ளை உடுத்த முடியாததால் தொப்பிக்குள் ஒரு வெள்ளைத் துணியை வைத்துத் தைத்துக்கொண்டான்.

அதோடு விட்டானா? முகாமில் எல்லோரிடமும் ஒரு சத்தியம் வாங்கினான். நெடுவீட்டில் ஒருவருக்கும் சொல்லக் கூடாது.

ஏன் தெரியுமா? அதற்கு முந்தின வருஷம் எங்கள் வீட்டில் ஒரு குழந்தை இறந்தபோது அவன் இங்கே இருந்தான். சாவு வீட்டுக்குள் வந்துவிட்டால் நாங்கள் கதிர்க்கத்தியைக் கீழே வைத்துவிடுவோம் என்பதைப் பார்த்திருந்தான். இப்போது மலைச்சரிவில் நெல் முற்றி, வறட்சியில் காய்ந்து, கை பட்டாலே கொட்டுகிறது. மிச்சத்தைக் குருவி தின்கிறது. அக்கா என்று கூப்பிட்டவளிடம் சொன்னால் அது அந்த வீட்டுச் சாவாகிவிடும், அறுவடை நின்றுவிடும் என்று பயந்துபோனான். எங்கள் நல்லதுக்காகத்தான் வாயை மூடினான்.

இது தெரியாத சுபாங் ஒரு விடியற்காலையில் புது அரிசியில் வடித்த முதல் சோற்றை இலையில் கட்டினாள். கூடவே மூங்கில் குழாயில் உப்புப் போட்டு ஊறவைத்த மீன். அது கும்பாவுக்கு உயிர். நான் துறையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். நீர் வற்றியதால் இக்கரையும் அக்கரையும் பேசிக்கொள்ளும் தூரம்தான். கும்பா தனியாக உட்கார்ந்து தன் சின்னப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். சுபாங் தண்ணீரில் இறங்கி நடந்து அவனிடம் போய் நீட்டினாள்.

அவன் எழுந்தான். கையைக் கூப்பினான். பின்னால் நகர்ந்தான்.

விளையாடுகிறான் என்று அவள் நினைத்தாள். "புதுச் சோறுடா. உனக்குன்னு எடுத்துட்டு வந்தேன்."

அவன் தலையை ஆட்டினான்.

"வயிறு சரியில்லையா? சரி, ஒரு விரல் போதும் தம்பி. தொட்டுடு, நான் போயிடுறேன்."

கண்ணுங்களா, அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். எங்கள் முன்னால் அப்படி ஒருவரும் செய்ததில்லை. அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. அவன் திரும்பி முகாமுக்குள் போய்விட்டான்.

சுபாங் திரும்பி வந்தபோது அவள் உதடு வெளுத்திருந்தது. மறுத்த சோற்றை யாரும் தின்ன முடியாது. சோற்றையும் மீனையும் பன்றிக்குப் போட்டாள். குழாய் மட்டும் அடுப்படியில் கிடந்தது. மங்காட் புறப்படத் தயாராகிக்கொண்டிருந்தான். இன்றைக்குப் போகாதே, கும்பா வருகிற வழியில் நடக்காதே என்று அவள் வழியை மறித்துச் சொன்னாள். அவன் சிரித்தான். அந்தப் பையனுக்கு ஏதோ மனக்குறை, சாயங்காலம் நானே அவன் கையைப் பிடித்துச் சோற்றில் முக்குகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

வெயில் உச்சிக்கு வருமுன் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

வறட்சியில் நின்றபடியே செத்துப்போன மரம் ஒன்று. காற்றுக்கூட இல்லையாம். மேலே ஒரு முறிகிற சத்தம் கேட்டது. மங்காட் பக்கத்தில் நின்ற பையனைத் தள்ளிவிட்டான், கிளை இவன் மேல் இறங்கியது. தொடை எலும்பு போயிற்று. உடைந்த கிளையின் முனை தொடை இடுக்கில் ஆழமாகக் குத்தியிருந்தது. காலில் என்றால் கயிற்றை இறுக்கிக் கட்டலாம். அந்த இடத்தில் எதைக் கட்டுவது? கும்பா துணியைத் திணித்து, முஷ்டியை உள்ளே வைத்து, தன் பாரம் மொத்தத்தையும் அதன்மேல் போட்டு அழுத்தினான். காட்டிலிருந்து துறை வரைக்கும் மூங்கில் தூளிக்குப் பக்கத்திலேயே, அழுத்தின கையை எடுக்காமல், குனிந்தபடி ஓடி வந்திருக்கிறான்.

கேப்டன் ரேடியோவில் கத்திக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் அவர் முகத்திலேயே தெரிந்தது. புகை விலகாமல் ஹெலிகாப்டர் வராது. எப்போது விலகும் என்று ஒருவருக்கும் தெரியாது. கீழே சாலை வந்து ஆற்றைத் தொடுகிற இடம் வரைக்கும் படகில் கொண்டுபோனால் அங்கே ஆம்புலன்ஸ் நிற்கும். வற்றிக் கிடந்த அந்த ஆற்றில் படகை இறக்கிக் கொண்டுபோகத் தெரிந்தவன் ஒருவன்தான். சுபாங்கின் தம்பி ஜராவ்.

ஜராவ் படகைத் தயாராக வைத்திருந்தான். மங்காட்டை அதில் கிடத்தினார்கள். கையை எடுக்காமலே கும்பா ஒரு காலைப் படகுக்குள் வைத்தபோது ஜராவ் துடுப்பைக் குறுக்கே நீட்டினான்.

"மச்சான் வரட்டும். இவன் வேண்டாம்."

கேப்டனுக்குத் தெரிந்த மலாய் குழந்தை மலாய். "கும்பா இல்லாம முடியாது. கை எடுத்தா ரத்தம். நீ பாரு."

"பார்த்துட்டேன் கேப்டன். என் அக்கா நீட்டின புதுச் சோத்துக்கு முதுகைக் காட்டினவன் இவன். இவன்கூட நடந்ததுக்கே மச்சானுக்கு இந்தக் கதி. இவன் ஏறின படகு கரை சேராது."

"அப்போ நான் ஓட்டுறேன்."

"ஓட்டுங்க. அந்தா தெரியுதே வளைவு, அதுவரைக்கும் போவீங்க. அப்புறம் படகையும் அவரையும் தோள்ல தூக்கிட்டு நடங்க."

அவனைக் கெட்டவன் என்று நினைக்காதீர்கள். மச்சான் என்றால் அவனுக்கு உயிர். தண்ணீருக்கு அடியில் எந்த மரம் எங்கே படுத்திருக்கிறது என்று எவ்வளவு நிச்சயமாக அவனுக்குத் தெரியுமோ, அவ்வளவு நிச்சயமாக இதையும் நம்பினான்.

முகாமில் இளையவன் நந்தலால் புன் குதித்து முன்னால் வந்தான். நான் அழுத்துகிறேன், அண்ணன் விலகட்டும் என்றான். கும்பா கையை மெதுவாக எடுக்க, அவன் தன் கையை வைக்க, அந்த ஒரு மூச்சு இடைவெளியில் ரத்தம் பொங்கி நந்தலாலின் முழங்கை வரைக்கும் நனைத்தது. மங்காட்டின் கண் மேலே செருகியது. கும்பா அவனைத் தள்ளிவிட்டு மறுபடி முஷ்டியை இறக்கினான். அதற்குப் பிறகு ஒருவரும் கையை மாற்றச் சொல்லவில்லை.

"சண்டையைச் சீக்கிரம் முடிங்கடா," என்றான் மங்காட். குரல் நூல் மாதிரி இருந்தது. "எனக்குக் குளிருது."

உச்சி வெயிலில் அவன் அப்படிச் சொன்னான்.

சுபாங் அதுவரை புருஷன் தலைமாட்டில் தண்ணீருக்குள் நின்றிருந்தாள். இப்போது கும்பாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் தம்பி? என் கையில என்ன குத்தம் கண்ட?"

கும்பா குனிந்து காயத்தையே அழுத்தினான். வேர்வை அவன் மூக்கு நுனியில் சொட்டியது. நந்தலாலால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"அவங்க அம்மா செத்துட்டாங்க அக்கா. உப்புத் தொடக் கூடாது. யார் கைச் சோறும் தொடக் கூடாது. சத்தியம் வாங்கிட்டாரு எங்ககிட்ட."

ஜராவின் துடுப்பு கொஞ்சம் இறங்கியது.

"காலையிலேயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? வாயில என்ன வச்சிருந்த?" என்று அவன் கும்பாவைக் கேட்டான்.

"சொன்னா நீங்க கத்தியைக் கீழ வச்சிருவீங்க," என்றான் கும்பா, யாரையும் பார்க்காமல். "கதிர் கொட்டிட்டு இருக்கு. எங்க அம்மாவுக்காக உங்க பிள்ளைங்க பட்டினி கிடக்கணுமா?"

சுபாங் ஒரு நிமிஷம் கண்ணை மூடினாள். பிறகு, சரி, தெரிந்துபோயிற்று, இப்போதாவது தொட்டுவிடு என்றாள். குழாயில் மீனின் உப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீட்டின சாப்பாட்டில் அதுதான் மிச்சம். அது நாக்கில் பட்டால் பூனி தீர்ந்துவிடும், தம்பி படகை எடுத்துவிடுவான்.

கும்பாவின் முகம் கோணிக்கொண்டது. "மங்காட் அண்ணனுக்காக என் கையைக் கேளுங்க அக்கா, வெட்டித் தர்றேன். இது என்னோடது இல்ல. அம்மாவோடது. அவ இப்ப வழியில நடந்துட்டு இருக்கா. நான் உப்புத் தொட்டா அங்கேயே நின்னுடுவா. திரும்பவும் முடியாது, போய்ச் சேரவும் முடியாது."

அவன் சொன்னது எங்களுக்குப் புரியாமல் இல்லை, கண்ணுங்களா. செத்தவர்கள் நடக்கிற வழி எங்களுக்கும் உண்டு. அதனால்தான் ஒருவரும் அவனைத் திட்டவில்லை. ஜராவ்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் குறுக்கே நீட்டின துடுப்பை விலக்கவில்லை.

கேப்டன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். துப்பாக்கி வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் கட்டளை போடுகிறவர். அந்த இடத்தில் அவர் கட்டளைக்கு வேலை இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. போய் மங்காட்டின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சுபாங் சட்டென்று திரும்பி ஏணியில் ஏறி வீட்டுக்குள் போனாள். வரும்போது ஒரு கையில் சோற்றுப் பானை, இன்னொரு கையில் அந்த மூங்கில் குழாய். சோற்றின் மேல் அடுப்புக்கரி ஒரு துண்டு கிடந்தது.

கரியைப் பார்த்ததும் பெண்கள் எல்லோரும் ஒரே மூச்சில் அவளிடம் ஓடினோம். வேண்டாம் சுபாங், வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்தவர்களில் நானும் ஒருத்தி.

எங்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்து, புதைத்துவிட்டு வந்த பிறகு, துக்கக்காரர்களுக்காக ஒருத்தி கரி பிசைந்த கருஞ்சோறு தின்பாள். அவர்கள் காக்க வேண்டிய விலக்கு எல்லாம் அந்தச் சோற்றோடு அவள் வயிற்றுக்குள் போய்விடும். அவர்கள் பிழைப்பைப் பார்க்கலாம். அவள் மூலையில் உட்கார்ந்து அவர்கள் துக்கத்தைக் காப்பாள். மாமியார் போன பிறகு அந்தப் பொறுப்பு சுபாங்குக்கு வந்திருந்தது. ஆனால் வீட்டிலிருந்து பிணம் இறங்கின பிறகுதான் கரியைச் சோற்றில் போடுவோம். புருஷன் படகில் உயிரோடு கிடக்கும்போது அவள் அதைத் தின்றால், இந்த வீட்டில் ஓர் இடம் காலியாகிவிட்டது என்று அவளே கூவிச் சொன்ன மாதிரி.

"அக்கா, மச்சான் இன்னும் உயிரோட இருக்காரு," என்றான் ஜராவ். அழுதான்.

"எனக்குத் தெரியும். நீ சும்மா இரு." எங்கள் கைகளை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு அவள் தண்ணீரில் இறங்கினாள். கும்பாவுக்கு நேராக நின்றாள். "உங்க அம்மா பேர் என்ன?"

அவனுக்குப் புரியவில்லை.

"பேரைச் சொல்லுடா."

"மன்சரா."

"மன்சராவோட மகன் காக்குற துக்கத்தை நான் வாங்கிக்கிறேன். மிச்சம் இருக்கிற நாள் பூரா உப்பில்லாம, தனியா, யாரையும் தொடாம நான் இருக்கேன். அவ நடக்கிற வழிக்கு நான் பொறுப்பு. உங்க சாமி இதை ஒத்துக்குமான்னு எனக்குத் தெரியாது. எங்க செத்தவங்க ஒத்துக்கிறாங்க." கரியை நொறுக்கிச் சோற்றில் பிசைந்தாள். "நீ இதுலேருந்து இறங்கிடு தம்பி."

அவள் தின்றாள். கறுப்பு அவள் உதட்டிலும் பல்லிலும் ஏறியது. மங்காட் தலையைத் திருப்பி அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அந்த நேரத்தில் கும்பாவின் கை துடிக்கத் தொடங்கியது. அத்தனை நாள் உப்பில்லாமல் அந்த வெயிலில் வேர்த்த உடம்பு. விரல்கள் தாமாகவே மடங்கி இழுத்தன. முஷ்டிக்குப் பக்கத்தில் சிவப்பு மெதுவாக ஊறி வந்தது. அவன் அதைப் பார்த்தான். மங்காட்டின் நீலம் பாரித்த உதட்டைப் பார்த்தான். சுபாங்கின் கறுத்த வாயைப் பார்த்தான். மேலே புகையைப் பார்த்து அவன் பாஷையில் ஏதோ சொன்னான். அம்மா என்ற வார்த்தை மட்டும் எங்களுக்குக் கேட்டது.

பிறகு வாயைத் திறந்தான்.

அவன் கை இரண்டும் மங்காட்டின் காயத்தில் இருந்ததால் சுபாங்தான் குழாய்க்குள் விரலை விட்டு வழித்து அவன் நாக்கில் வைத்தாள். அவன் தொண்டை ஏறி இறங்கியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். கேப்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜராவ் துடுப்பை விலக்கினான். நான்கு பேரோடு படகு புகைக்குள் போயிற்று: முன்னால் கழியோடு கேப்டன், நடுவில் மங்காட்டும் அவன்மேல் கவிழ்ந்த கும்பாவும், பின்னால் மோட்டாரோடு ஜராவ். மோட்டார் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை.

கருஞ்சோறு தின்றவள் ஆற்றைக் கடக்கக் கூடாது. சுபாங் தன் அறை மூலையில் பாயைத் தொங்கவிட்டு அதன் பின்னால் உட்கார்ந்தாள். வெளியே பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். வீட்டில் கருஞ்சோறு தின்றாயிற்று, ஒரு பேரும் சொல்லியாயிற்று. அப்படியானால் இது சாவு வீடுதான். கதிர்க்கத்திகளைக் கூடைக்குள் வைத்து மூடினோம். எந்த மலையில் எவளோ செத்ததற்கு நம் நெல் கொட்டணுமா என்று ஒரு முனகல் எழுந்தது. இன்னொருத்தி சொன்னாள், இதுக்குப் பயந்துதானே அந்தப் பையன் வாயைக் கட்டினான், அவன் கட்டினதும் போச்சு, நம்ம நெல்லும் போச்சு என்று. ஆனாலும் ஒருத்தியும் வயலுக்குப் போகவில்லை.

அந்தச் சோறு மன்சராவுக்கு மட்டுமா, மங்காட்டுக்கும் சேர்த்தா என்ற கேள்வி எல்லோர் மனதிலும் இருந்தது. வாய்விட்டுக் கேட்க ஒருவருக்கும் தைரியம் இல்லை. நந்தலால் அடிக்கடி ஆற்றை நடந்து கடந்து வந்து, ரேடியோவில் இரைச்சல்தான் வருகிறது என்று சொல்லிவிட்டுப் போவான். நான் பாய்க்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பாள். இருட்டி விடிந்தது என்பதைத் தவிர அந்த இரவைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

மறுநாள் பொழுது ஏறின பிறகு மோட்டார் சத்தம் கேட்டது. துறைக்கு ஓடினோம். சாவுச் செய்தி கொண்டுவருகிறவன் எங்கள் ஆற்றில் வளைவிலேயே மோட்டாரை அணைத்துவிடுவான். கண்ணுங்களா, வளைவுக்கு வந்ததும் அந்தச் சத்தம் நின்றது.

பக்கத்தில் யாரோ ஒருத்தி ஒப்பாரிக்கு மூச்சை இழுத்தாள். அப்போது புகைக்குள்ளிருந்து ஜராவின் வசவு கேட்டது. ஆற்றையும் மழையையும் படகு செய்தவனையும் சேர்த்து வைதுகொண்டிருந்தான். தண்ணீர் போதாமல் மணலில் தட்டியிருக்கிறது. இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தான்.

"இருக்காருடி," என்று கத்தினான், எங்கள் முகங்களைப் பார்த்ததும். "உசுரோட இருக்காரு. மூஞ்சிய அப்படி வச்சுக்காதீங்க."

பாய்க்கு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். பாதி தூரம் படகு போகவே இல்லையாம், இழுத்துக்கொண்டுதான் போனார்களாம். கேப்டன் மார்பளவு சேற்றில் மாடு மாதிரி இழுத்தார். குறுக்கே மரம் கிடந்த இடத்தில், கும்பா கையை எடுக்க முடியாததால் இரண்டு பேரையும் படகோடு தூக்கி வைத்தார்கள். கும்பாவின் விரல்கள் இழுத்துக்கொண்டபோது கேப்டன் தன் இரண்டு கையையும் அதன்மேல் வைத்து அழுத்தினார். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்த பிறகும் அந்த முஷ்டி விரியவில்லை. வெந்நீர் ஊற்றி ஒவ்வொரு விரலாகப் பிரித்தார்கள். கோலா பெலாயிட் ஆஸ்பத்திரியில் ராத்திரியே அறுத்துத் தைத்தார்கள். கால் நேராகுமா நொண்டுமா என்று டாக்டருக்கே தெரியவில்லை. கண் விழித்ததும் மச்சான் கேட்ட முதல் கேள்வி, இந்தக் கஞ்சியை மனுஷனுக்கா காய்ச்சினார்கள் என்பதுதான்.

நாங்கள் அழுதோம். பாய்க்குப் பின்னாலிருந்து சுபாங் கேட்டாள்: "கும்பா சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான் அக்கா. ரோட்டுக் கடையில பொரிச்ச நூடுல்ஸ் வாங்கித் தந்தேன். ஒண்ணு விடாம சாப்பிட்டான். அப்புறம் தட்டை மடியில வச்சுட்டு அழுதான். கேப்டன் பக்கத்துல உட்கார்ந்திருந்தாரு." ஜராவ் பாய்க்குக் கிட்ட நகர்ந்தான். "உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னான். நீ அவன் அம்மாவுக்காகச் சாப்பிடுறதுன்னா, அந்தம்மாவுக்குப் பிடிச்சது ஒண்ணு இருக்காம். ஏதோ மலைக்கீரை. பறிக்கும்போது கையைச் சுடுமாம், வெந்துட்டா சுடாதாம்."

"உப்பில்லாம வேகவைக்கலாமா?"

"கேட்டேன். அந்தம்மா அப்படியேதான் தின்னுமாம்."

"சுடுற இலையை எவளாவது திம்பாளா," என்றாள் ஒருத்தி. பன்றிக்கொட்டகைக்குப் பின்னால் இருக்கிறதே அந்த இலையா, அதைத் தொட்டாலே மூன்று நாள் வீங்குமே என்றாள் இன்னொருத்தி. சுபாங்கைக் கொல்லப் பார்க்கிறாயா என்று மூன்றாமவள் அவள்மேல் பாய்ந்தாள். நந்தலாலைக் கூப்பிட்டால் தெரியும், அவனும் அந்த மலைக்காரன்தானே என்று யாரோ சொல்ல, நான் துறைக்குப் போய்க் கூப்பிட்டேன்.

அவன் வந்தான். வயலுக்குத்தான் போகக் கூடாது, வேலியோரம் போகலாம். நாங்கள் அவனுக்குப் பின்னால் வரிசையாக நடந்தோம். கொட்டகைக்குப் பின்னால் இருந்த இலையைப் பார்த்ததும் இரண்டடி தள்ளி நின்று, இது ஆளை முடித்துவிடும் என்றான். வாய்க்கால் பக்கம் ரோமம் ரோமமாக ஒரு செடியைக் கண்டு குனிந்தான். விரலால் தொட்டான். கையை உதறினான். மறுபடி தொட்டு, கிள்ளி, மோந்து பார்த்தான்.

"அது இல்ல," என்றான். "ஆனா கும்பாவோட அம்மா பார்த்தா, அந்தக் கீரையோட தங்கச்சின்னு சொல்லுவாங்க."

சாவு வீட்டில் சிரிக்கக் கூடாது. நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு, அந்தக் கீரையை இலையால் சுற்றிச் சுற்றிப் பறிக்கத் தொடங்கினோம்.